கிழக்கே நின்ற வண்டி

"சார், இதுல எதை எடுக்கணும்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் நிம்மதியாப் போயிருவேன்."

பிலோமினா நான்காக மடித்திருந்த தாளை ஆசிரியரின் மேசைமேல் விரித்தாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டு செய்ய உதவும் பதினேழு கருவிகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒன்பது கட்டங்கள். எந்த நிரல்மொழி, எந்த கிராஃபிக்ஸ் லைப்ரரி, படிக்க எத்தனை நாள் ஆகும், வேகம் எப்படி, பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா. நான்கு வாரம் இணையத்தில் தேடித் தேடி நிரப்பியது.

இசக்கிராஜ் சார் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அவசரப்படவில்லை. படித்து முடித்ததும் பழையபடி மடித்து அவளிடமே கொடுத்தார்.

"ஒரு கட்டம் குறையுது மேடம்."

"எது சார்?"

மணி அடித்தது. அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பிலோமினா தூத்துக்குடியில் போக்குவரத்துக் காவலர். வயது முப்பத்தொன்பது. பகலெல்லாம் முக்கில் நின்று வண்டிகளை நிறுத்துவாள், அனுப்புவாள். சாயங்காலம் சீருடையை மாற்றிக்கொண்டு மாலைக் கல்லூரிக்கு வருவாள். பி.சி.ஏ. கடைசி வருஷம்.

இடையில் இரண்டு தடவை படிப்பை விட்டவள். ஒரு தடவை பணிமாற்றம், ஒரு தடவை பிரசவம். இனி விட்டால் திரும்பச் சேர விதியில் இடமில்லை.

இசக்கிராஜ் சாருக்கு இருபத்தொன்பது வயது. பேச்சு கொஞ்சம் திக்கும். அதனால் மூன்று சொல்லில் முடிவதை நான்கு சொல்லில் சொல்ல மாட்டார். திமிர் பிடித்தவர் என்று முதல் வருஷப் பிள்ளைகள் நினைப்பார்கள். இரண்டாம் வருஷம் அந்த நினைப்பு போய்விடும்.

கடைசி வருஷத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். விளையாட்டின் பெயர், எழுதப்போகும் மொழி, படம் வரைந்து தரப்போகும் லைப்ரரி. மூன்று கட்டம்தான். அந்த மூன்றில்தான் ஒரு மாதமாக வண்டி சிக்கிக் கிடந்தது.

பிலோமினாவோடு சேர்ந்தவர்கள் இருவர். சுடர்க்கொடிக்கு இருபது வயது, ஆசிக்குக்கு இருபத்தொன்று. கார் விளையாட்டு என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே பேச்சு.

"எல்லாத்தையும் நாமளே எழுதணும்க்கா," என்பாள் சுடர்க்கொடி. "மொழி சி பிளஸ் பிளஸ், லைப்ரரி ஓபன்ஜிஎல். ஒத்த முக்கோணத்தை வரையிறதுல இருந்து தொடங்கணும். அப்பத்தான் நமக்கு வேலை தெரியும்னு அர்த்தம்."

"முக்கோணத்தை வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள பரீட்சை வந்திரும்க்கா," என்பான் ஆசிக். "கேம் செய்யிறதுக்குன்னே ரெடியா எஞ்சின் இருக்கு. எடுத்துப் போட்டு ஓட்டுவோம்."

இரண்டு பேரும் முதலில் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். பிறகு சிரிக்காமல் போட்டார்கள். இப்போது பேசுவதே இல்லை. எதுவானாலும் பிலோமினா வழியாகத்தான்.

"அக்கா, அவகிட்டச் சொல்லுங்க."

"அக்கா, அவன்கிட்டக் கேளுங்க."

மூத்தவள் என்று அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள். அதனால் முடிவு அவள் தலையில்.

செவ்வாய்க்கிழமை அவள் பட்டியலோடு மறுபடி போய் நின்றாள். இரண்டு கட்டம் கூட்டியிருந்தாள். ஒன்று, உரிமம் எப்படி. இன்னொன்று, தமிழ் எழுத்து திரையில் உடையாமல் வருமா.

சார் படித்தார். கடைசிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"நல்ல கட்டம்."

பிலோமினாவின் முகம் மலர்ந்தது.

"ஆனா அது இல்ல."

"சார், எனக்குச் சத்தியமா வெளங்கலை. பதினேழையும் படிச்சாச்சு. படிக்கப் படிக்க எல்லாமே நல்லதாத் தெரியுது. மறுநாள் பாத்தா எல்லாமே மோசமாத் தெரியுது. ஒருத்தன் இதுதான் உசத்திங்கான். கீழேயே இன்னொருத்தன் இதைத் தொட்டா தொலைஞ்சேங்கான். நான் யாரை நம்ப?"

அவர் தாளை மடித்தார்.

"நாளைக்கு மூணு பேரும் வாங்க. கம்ப்யூட்டர் வேண்டாம்."

புதன்கிழமை மூன்று பேரும் போனார்கள். சுடர்க்கொடி ஒரு ஓரம், ஆசிக் ஒரு ஓரம், நடுவில் பிலோமினா.

சார் கரும்பலகை முன்னால் நின்றார். வலது கையில் சாக்பீஸ், இடது கையில் டஸ்டர்.

"நான்தான் உங்க லைப்ரரி. சொன்னதை வரைவேன். வேற ஒண்ணும் தெரியாது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு கார் வரைங்க சார்," என்றான் ஆசிக்.

சார் அசையவில்லை.

"எங்க?"

"கீழே. இடது ஓரமா."

ஒரு பெட்டி வரைந்தார்.

"அது ஓடணும் சார்."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

ஆசிக் தலையைச் சொறிந்தான். சுடர்க்கொடிக்குப் பிடிபட்டுவிட்டது.

"அழிங்க சார். ஒரு விரக்கடை தள்ளி வரைங்க."

அழித்தார். தள்ளி வரைந்தார்.

"மறுபடி அழிங்க. மறுபடி தள்ளி வரைங்க."

அழித்தார், வரைந்தார். அழித்தார், வரைந்தார். பெட்டி பலகையின் நடுவுக்கு வருவதற்குள் அவர் சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். ஆசிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சார் சிரிக்கவில்லை. சொன்னதைச் செய்துகொண்டே இருந்தார். பெட்டி வலது ஓரம் போய் முட்டியது.

அவர் திரும்பினார்.

"அடுத்து?"

"பாயின்ட் கிடைக்கும் சார்," என்றான் ஆசிக்.

"எதுக்கு?"

"ஜெயிச்சதுக்கு."

"யாரை?"

ஆசிக் சுடர்க்கொடியைப் பார்த்தான். பத்து நாளில் அதுதான் முதல் தடவை.

"ரேஸ்தானே?" என்றான்.

"ரேஸா? யாரு சொன்னா?" என்றாள் அவள். "நான் இவ்வளவு நாளும் புதிர் விளையாட்டுன்னுல்லா நினைச்சேன். காரை நகத்தி வெளிய எடுக்கறது."

இருவரும் பிலோமினாவைப் பார்த்தார்கள்.

அவளுக்குப் பதினேழு பெயர், பதினொரு கட்டம், எல்லாம் மனப்பாடம். என்ன விளையாட்டு என்ற கட்டம் மட்டும் அதில் இல்லை.

சார் பலகையை முழுக்கத் துடைத்தார். ஒரு மூலையில்கூடத் தூள் இல்லாமல் துடைத்தார். சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

"இப்ப என்ன செய்ய?" என்றாள் பிலோமினா. "பதினெட்டாவது பேரா சாரையும் எழுதிக்கிடணுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போதே சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது. ரேஸ் என்றால் எஞ்சின்தான் என்றான் அவன். புதிர் என்றால் எஞ்சினே தேவையில்லை என்றாள் அவள். பிலோமினா பஸ்ஸில் ஏறிப் பட்டியலைப் பிரித்தாள். எழுத்தெல்லாம் கண் முன்னால் மிதந்தது. மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் வியாழன். மத்தியானம் பன்னிரண்டரை மணி.

பிலோமினா நிற்கும் முக்கில் மேற்கே போகிற ரோட்டில் சாக்கடை வேலை. பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மண் சரியும் என்று, மீதிக் குறுகலில் ஒரு வண்டி முழுக்கத் தாண்டிய பிறகுதான் அடுத்ததை விடச் சொல்லியிருந்தார்கள். சிக்னலை அணைத்துவிட்டு அவள் கையாலேயே வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தாள்.

வடக்கே சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ்.

குறுகலுக்குள் எதிரே வந்துகொண்டிருந்த உப்பு லாரியை வேகமாக வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். லாரி வாலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

கிழக்கேயும் சைரன் கேட்டது.

இன்னொரு ஆம்புலன்ஸ்.

இரண்டுக்கும் மேற்கேதான் போக வேண்டும். ஆஸ்பத்திரி அங்கேதான். இரண்டும் ஒரே சமயத்தில் முக்குக்கு வந்து சேர்ந்தன. இரண்டு டிரைவரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு கையை உயர்த்தி ஒன்றை நிறுத்தினாள். இன்னொரு கையால் மற்றதை அனுப்பினாள்.

நிற்கும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பது அவள் பழக்கம். அனுப்பிய வண்டி குறுகல் முழுவதையும் தாண்டிப் போகப் பதினோரு நொடி ஆனது. பிறகு நின்ற வண்டியையும் விட்டாள். அந்த டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, கத்தவில்லை. கடந்து போகும்போது அவளை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

அதன்பிறகு சாயங்காலம் வரை வண்டிகள் வந்தன, போயின. அவளும் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி கேன்டீனில் சுடர்க்கொடியும் ஆசிக்கும் காத்திருந்தார்கள். மேசைமேல் படிவம். மூன்று கட்டமும் காலி.

"அக்கா, நாளைக்குக் கடைசி நாள்," என்றாள் சுடர்க்கொடி. "நீங்களே ஒண்ணைச் சொல்லிருங்க. நான் எதுவும் பேச மாட்டேன்."

"நானும் பேச மாட்டேன்," என்றான் ஆசிக்.

"இன்னைக்கு ஒரு முடிவு எடுத்தாச்சு," என்றாள் பிலோமினா. "இன்னொண்ணு எடுக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் குரல் சரியில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"என்னக்கா ஆச்சு?"

சொன்னாள். லாரியைச் சொன்னாள், சைரனைச் சொன்னாள், எண்ணியதைச் சொன்னாள். டிரைவர் பார்த்ததைச் சொல்லும்போது டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதைக்கா விட்டீங்க?" என்றான் ஆசிக்.

"அதை விடு தம்பி."

"நின்ன வண்டியில யாரு இருந்தாங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டீங்களா?" என்றாள் சுடர்க்கொடி.

"கேக்கலை பிள்ள. பயமா இருந்துச்சு."

கேன்டீன்காரர் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

சுடர்க்கொடி தன் டீ கிளாஸை மெதுவாக நகர்த்தினாள்.

"அக்கா, இது வடக்க வந்த வண்டி. இங்கயா நின்னுச்சு?"

"இன்னும் கொஞ்சம் முன்னால."

ஆசிக் தன் கிளாஸை எடுத்தான். "கிழக்க வந்தது?"

"இங்க. பக்கத்துல ஒரு ஆட்டோ நின்னுச்சு."

பிஸ்கட் பாக்கெட் லாரியானது. இரண்டு ஸ்பூனை வைத்துக் குறுகலைக் கட்டினார்கள். பிலோமினா ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சரியான இடத்தில் வைத்தாள். எங்கே என்று கேட்கக் கேட்க அவளுக்குச் சட்டென்று பதில் வந்தது.

ஆசிக் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒரு கிளாஸ் குறுகலுக்குள் போனது. மற்றது நின்றது. பதினொன்று வந்தபோது மூவரும் மூச்சை விட்டார்கள்.

"ரெண்டையும் சேத்து விட்டா?" என்றான்.

"நடுவுல முட்டிக்கிட்டு நிக்கும்."

"லாரியைப் பின்னால அனுப்பினா?"

"அது முன்னமே வெளிய வந்தாச்சுல்லா. அப்பவும் ஒண்ணுதான் போக முடியும்."

அவன் கிளாஸ்களைப் பழைய இடத்தில் வைத்தான். மறுபடி எண்ணினான். இந்தத் தடவை மற்றதை அனுப்பினான். முகம் தெளியவில்லை. மூன்றாவது தடவை கிளாஸ்களைச் சுடர்க்கொடி பக்கம் தள்ளினான்.

"நீ பாரு," என்றான்.

நேராக அவளிடமே சொன்னான்.

வெள்ளிக்கிழமை பிலோமினா படிவத்தை நீட்டினாள். முதல் கட்டத்தில் 'பதினோரு நொடி' என்று இருந்தது. மொழி, லைப்ரரி இரண்டு கட்டமும் காலி.

"சார், அந்த ரெண்டும் இன்னும் முடிவாகலை. அவகாசம் கொடுப்பீங்களான்னு..."

சார் பெயரைப் படித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அவள் வாய் மூடுவதற்குள் அடுத்த படிவத்தை எடுத்துவிட்டார்.

வெளியே வந்து இருவரிடமும் கையெழுத்தைக் காட்டினாள்.

"காலியா இருக்கே, எப்படிப் போட்டாரு?" என்றான் ஆசிக்.

"எனக்கென்ன தெரியும்? எனக்கு அவர் செய்யிற எதுவுமே வெளங்கலை."

மூன்று வாரம் ஓடியது. சுடர்க்கொடி ரோட்டையும் வண்டிகளையும் வரைய வைத்தாள். ஆசிக் நேரத்தையும் மோதலையும் பார்த்துக்கொண்டான். பிலோமினா லாரியை எடுத்துக்கொண்டாள். நான்கு நாள் அது பின்பக்கமாகவே ஓடியது. ஒரு கழித்தல் குறியில் தப்பு. அதைக் கண்டுபிடித்த அன்று லேபில் எழுந்து நின்றுவிட்டாள்.

பிறகு சாரைக் கூப்பிட்டார்கள்.

"சார், இன்னும் அழகா எதுவும் வரையலை," என்றாள் சுடர்க்கொடி. "வெறும் கட்டம்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுல செஞ்சீங்க?"

சுடர்க்கொடியும் ஆசிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேப் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருந்ததுல சார்," என்றான் ஆசிக். "பைத்தான். அதோட கிடந்த லைப்ரரி. அன்னைக்கு உடனே செஞ்சு பாக்கணும்போல இருந்துச்சு. வேற எதையும் இறக்க நேரமில்ல."

"வரையிற வேலை முழுக்க ஒரே ஃபைல்ல இருக்கு சார்," என்றாள் சுடர்க்கொடி. "பின்னால வேற லைப்ரரி வேணும்னா அதை மட்டும் மாத்தினாப் போதும்."

சார் தலையாட்டினார்.

திரையில் சாம்பல் நிற ரோடு. பழுப்பாக ஒரு லாரி வெளியே வந்தது. மேலே ஒரு வெள்ளைக் கட்டம், வலது பக்கம் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டின் தலையிலும் சிவப்புப் புள்ளி மின்னியது.

முதல் தடவை மேலே உள்ளதை அனுப்பினார். வலது பக்கம் உள்ளது பதினோரு நொடி நின்றது. பிறகு போனது. திரை கறுத்தது.

இரண்டாம் தடவை வலது பக்கம் உள்ளதை அனுப்பினார். மேலே உள்ளது நின்றது. திரை கறுத்தது.

"பாயின்ட்?"

"வச்சுப் பாத்தோம் சார்," என்றான் ஆசிக். "அக்கா எடுத்திருன்னாங்க."

மூன்றாம் தடவை அவர் விரல் எந்தப் பொத்தானுக்கும் போகவில்லை. இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகள் மின்னிக்கொண்டே இருந்தன. குறுகல் காலியாகக் கிடந்தது. பதினோரு நொடி போனது. இரண்டு வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்க, திரை கறுத்தது.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். கறுத்த திரையைப் பார்த்தார். திக்குகிறார் என்று நினைத்து மூவரும் காத்திருந்தார்கள். அவர் திக்கவில்லை.

"மேடம், இது நடந்ததா?"

"ஆமா சார்."

"நீங்க எதை விட்டீங்க?"

சுடர்க்கொடியும் ஆசிக்கும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு கேள்வியை அவர்கள் மறுபடி கேட்கவே இல்லை.

"வடக்க உள்ளதை சார்."

"ஏன்?"

பிலோமினா தேடினாள். மூன்று வாரமாக முக்கில் நிற்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும் தேடியதைத்தான் தேடினாள். வடக்கு வண்டி ஒரு அடி முன்னால் நின்றதா? அதன் சத்தம் கூடுதலா? கிழக்கு டிரைவர் பொறுத்துக்கொள்வான் என்று தோன்றியதா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் உண்மையாக இல்லை.

"தெரியலை சார். கை போயிருச்சு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் நிக்கக் கூடாதுல்லா சார்," என்றாள்.

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவள்போல அப்படியே நின்றாள்.